பதினொரு கல்வெட்டுகளும் ஒரு மேசையும்

ஊர்காவற்துறைச் சந்தைக் கிணற்றை நான்கு பேர் தனித்தனியாக வெட்டியிருந்தார்கள். நால்வரும் சொந்தச் செலவில். நால்வரும் "ஊர் மக்களின் தாகம் தீர". கிணறு என்னவோ ஒன்றுதான். அதன் விட்டத்தை நானே நாடா பிடித்து அளந்திருக்கிறேன். நான்கு ஆண்கள் ஒன்றாக உள்ளே நின்று மண்வெட்டி வீச அதற்குள் இடமில்லை.

இந்தத் தகவல் எனக்குக் கல்வெட்டுகளிலிருந்து கிடைத்தது. எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்பது ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்களின் கையில் கொடுக்கும் சிறு புத்தகம். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, புலம்பல் பாட்டு, கடைசியில் வம்சாவளி. அனேகமான சைவ வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டில் பத்து இருபது கிடக்கும். யாரும் வாசிப்பதில்லை. ஆனால் படம் இருக்கிறதே என்று எறிவதும் இல்லை.

புதிய சந்தைக் கட்டடம் முடியும் தறுவாயில், நான் வேலை செய்யும் பிரதேச சபை அதன் வாசலில் ஒரு கருங்கல் பதிக்கத் தீர்மானித்தது. இந்தச் சந்தை நகரத்தை உருவாக்கியவர்களின் பெயர்கள் அதில் வரவேண்டும். பழைய கோப்புகள் எல்லாம் போர்க்கால இடப்பெயர்வில் போய்விட்டதால் பெயர்களை ஊரிலிருந்துதான் திரட்டவேண்டியிருந்தது. நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். கொங்கிறீற்றும் கூரைத்தகடும் வடிகாலும் என் வேலை. பெயர்களை ஏன் என்னிடம் தருகிறீர்கள் என்று செயலாளரிடம் கேட்டேன்.

"மிஸ், நீங்கள் மடத்துவெளி ஆள். உங்களுக்கு இந்த ஊரிலை சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை. இதைவிட வேறை என்ன தகுதி வேணும்?" என்றார்.

தீர்மானத்தில் இரண்டாவது பந்தி ஒன்றும் இருந்தது. கல்லில் பெயர் வருகிறவர்களின் குடும்பங்களுக்காக, புதிய கட்டடத்தில் ஒரு கடையும் மீன் வெட்டும் மேசை ஒன்றும் டெண்டர் இல்லாமல் ஒதுக்கப்படும். அந்தப் பந்தியை எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அது வெளியே தெரிந்த நாளிலிருந்து ஊரில் பெரியவர்கள் பெருகத் தொடங்கினார்கள். மூன்று கிழமைக்குள் என் மேசையில் பதினொரு கல்வெட்டுகள் சேர்ந்தன.

நான் ஒரு கொப்பியில் மூன்று நிரல் கீறினேன். என்ன செய்தார், அதை யார் சொல்கிறார், சொல்பவருக்கு என்ன கிடைக்கும். முதல் நிரல் சில இடங்களில் வெறுமையாக இருந்தது. மூன்றாவது நிரல் ஒருபோதும் வெறுமையாக இருக்கவில்லை.

அந்த மீன் மேசையைக் கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் நண்டு வாங்குகிறவர். தீவுகளிலிருந்து வருகிற நண்டை நிறுத்து, ஐஸ் போட்டு, ஏற்றுமதிக்காரருக்கு அனுப்புவார். அவருடைய தகப்பன் முன்பு சந்தைக்கு முன்னால் மரக்கறியும் பலசரக்கும் விற்ற முதலாளி. கல்வெட்டில் அவர் "இச்சந்தையின் தந்தை". கிணறு வெட்டிய நால்வரில் அவரும் ஒருவர்.

மற்றவர் மீன் வெட்டும் அக்கா. பழைய சந்தையின் பின்சுவர் ஓரத்தில், ஒரு மரக்குற்றியை முன்னால் வைத்து, பதினேழு வருடமாக மீன் வெட்டிக் கொடுத்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறவர். அந்தச் சுவரை இடித்தது என் மேற்பார்வையில்தான். புதிய கட்டடத்தில் குற்றிக்கு இடமில்லை. ஓடு பதித்த, தண்ணீர் வசதியுள்ள மேசைகள் இரண்டே இரண்டு. ஒன்று ஏற்கெனவே டெண்டரில் போய்விட்டது. மற்றது கிடைக்காவிட்டால் அக்கா வீதியோரம் போகவேண்டும், அங்கே வெட்டுவதற்குச் சுகாதாரப் பரிசோதகர் விடமாட்டார்.

"என்ரை அப்பாதான் இந்தச் சந்தையிலை மீன் ஏலம் கூறினவர்," என்று அக்கா முதல்நாள் வந்து சொன்னார். "அவர் வாய் திறக்காமல் இஞ்சை ஒரு திரளி மீன் விலைப்படாது. அனலைதீவு வள்ளம் வந்து சேராமல் கூறமாட்டன் எண்டு நிண்ட மனிசன். எல்லாரும் கத்துவினம். அவர் தூணிலை சாய்ஞ்சுகொண்டு நிப்பார். அதாலைதான் அனலைதீவு மீன் முழுக்க இஞ்சை வந்தது. மீன் வந்தபடியால் சனம் வந்தது. சனம் வந்தபடியால் கடையள் வந்தது. எழுதும் பிள்ளை."

"எழுத்தில ஏதாவது இருக்கோ அக்கா?"

"எழுத்திலையோ? அவர் கூறினவர், பிள்ளை. எழுதினவர் இல்லை."

கத்தோலிக்கக் கடற்றொழில் குடும்பம். அவர்கள் பக்கத்தில் கல்வெட்டு அடிப்பது குறைவு. பூசை ஒன்று, சின்ன நினைவு அட்டை ஒன்று, அவ்வளவுதான். தகப்பன் இறந்தது இடம்பெயர்ந்து போயிருந்த இடத்தில், அதனால் அந்த அட்டைகூட இல்லை. எழுத்தில் எதுவும் இல்லாமல் நான் ஒருவரையும் சேர்க்க ஏலாது என்று சொன்னேன். சொன்ன விதம் சரியாகத்தான் இருந்தது என்று அப்போது நினைத்தேன்.

அனலைதீவு வள்ளம் வந்த பிறகே ஏலம் தொடங்குகிற வழக்கம் இன்றும் சந்தையில் இருக்கிறது. வள்ளம் வராத நாளிலும் அது வந்திருக்கக்கூடிய நேரம் வரைக்கும் நிற்பார்கள். யார் தொடக்கியது என்று ஏழு பேரிடம் கேட்டேன். ஏழு பேரும் "அது எப்பவும் அப்பிடித்தான்" என்றார்கள். அக்காவுக்கு அது ஆதரவாகவும் இல்லை, எதிராகவும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வழக்கத்துக்கு யாரும் உரிமை கோரலாம் என்று கொப்பியில் குறித்தேன்.

பத்து நாள் கழித்து அக்கா திரும்பி வந்தார். கையில் ஒரு கல்வெட்டு. தகப்பனுடையது.

மடித்து மடித்துப் பழசாகிய தாள், பழுப்பு நிறம், அட்டையில் ஒரு சிலுவை. உள்ளே அனலைதீவு வள்ளத்தின் கதை அப்படியே இருந்தது. நான் அதை வாங்கி மேசையில் வைத்தேன். முதலில் மணந்து பார்த்தேன். தேயிலைச் சாயம் மணந்தது. பிறகு பின்னட்டையைப் பார்த்தேன். அச்சகத்தின் கைத்தொலைபேசி எண், பத்து இலக்கம். முன்னட்டையில் போட்டிருந்த ஆண்டில் யாழ்ப்பாணத்தில் கம்பித் தொலைபேசிக்கே வழியில்லை. அதோடு மூன்றாம் பக்கத்தில், சிலுவைக்கு நேர் கீழே, "சிவபதமடைந்த" என்று தொடங்கியிருந்தார்கள். அச்சகக்காரர் பழைய கல்வெட்டு ஒன்றை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

நான் அந்த வரியில் விரலை வைத்தேன். அக்கா குனிந்து வாசித்தார். கழுத்து வரைக்கும் சிவந்து போனார்.

"நாசமாய்ப் போவான். சிலுவையைப் போடு எண்டு சொன்னனான், அதைப் போட்டான். உதைக் கவனிக்கேல்லை."

"இது எப்ப அடிச்சது அக்கா?"

"போன புதன்."

"ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"நீர்தானே எழுத்திலை கேட்டனீர்!" அக்கா குரலை உயர்த்தினார். வெளியே இருந்த எழுதுவினைஞர் எட்டிப் பார்த்தார். "உந்தப் பதினொரு பேரும் அச்சடிச்சுத்தானே கொண்டந்தவை. அவையள் முந்தி அடிச்சவை, நான் பிந்தி அடிச்சனான். அவ்வளவுதான் வித்தியாசம். அச்சடிக்காமல் வந்தனான், நம்பினனீரோ?"

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அதற்காக நம்பிக்கை வந்துவிடவில்லை. மாறாக, கல்வெட்டைப் பொய்யாய் அடித்தவர் தகப்பன் கதையையும் பொய்யாய்ச் சொல்லியிருக்கலாம் என்ற எண்ணம்தான் வந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இதை யாருக்கும் காட்டவேண்டாம், காட்டினால் உங்கள் பெயர் அடியோடு போய்விடும் என்றேன்.

மறுநாளே நண்டுக்காரர் வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, உங்கடை பெரியம்மா ஒராள் வேலணையிலை கலியாணம் கட்டினவ எல்லே?"

"ஓம்."

"அவவின்ரை மச்சாள் எங்கடை சித்தப்பாவுக்குப் பெறாமகள் முறை. அப்ப நாங்கள் ஒண்டுக்குள்ளை ஒண்டு."

"அண்ணை, எனக்கு இஞ்சை சொந்தக்காரர் இல்லை எண்டபடியால்தான் இந்த வேலையைத் தந்தவை. சொந்தம் வந்தால் வேலை போயிடும். உங்கடை கல்வெட்டும் என்னோடை சேர்ந்து போயிடும்."

சிரித்தார். சிரிப்பு முடிய முதலே குரலைத் தாழ்த்தினார். "அந்த மீன் வெட்டுறவ ஏதோ புத்தகம் அடிச்சுக்கொண்டு திரியிறாவாம். கேள்விப்பட்டனீங்களோ? கள்ளப் புத்தகம். அதைக் கோப்பிலை போட்டு வையுங்கோ. கூட்டத்திலை கேப்பினம்."

அவருக்கு எப்படித் தெரிந்தது? யோசித்துப் பார்த்தால் மூன்று வழிகள். அச்சகக்காரர் சொல்லியிருக்கலாம். எட்டிப் பார்த்த எங்கள் எழுதுவினைஞர் சொல்லியிருக்கலாம். அல்லது, அச்சடிக்கும் யோசனையை அக்காவுக்குக் கொடுத்ததே நண்டுக்காரரின் ஆளாக இருக்கலாம். மூன்றாவதைக் கொப்பியில் எழுதிவிட்டு அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வேலை என்னை எப்படி ஆக்கிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனாலும் அதை வெட்டவில்லை.

அந்தக் கிழமை மழை. வெளிவேலை இல்லை. பதினொரு கல்வெட்டுகளின் வாழ்க்கை வரலாறுகளையும் பிரதி எடுத்து மேசையில் அடுக்கினேன். கட்டட வரைபடங்களில் பழையதையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்போம். ஒத்துப்போகிற கோடுகளை விட்டுவிட்டு, ஒத்துப்போகாததை மட்டும் பார்ப்போம். அதே வேலையைத்தான் செய்தேன். ஒரு புத்தகத்துக்கு மேல் வருகிற வசனத்தைப் பென்சிலால் வெட்டினேன்.

"வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம்" போயிற்று. "வந்தாரை வரவேற்கும் பண்பாளர்" எட்டுப் புத்தகத்திலும் போயிற்று. "சந்தைக்கு வித்திட்டவர்" ஐந்தில் போயிற்று. கிணறு நான்கிலும் போயிற்று. "அன்னார் கோபத்தில் ஒருவரையும் கடிந்ததில்லை" ஒன்பது பேருக்குப் போயிற்று. அவர்களில் ஒருவர் சந்தையில் கைகலப்புக்குப் பெயர் போனவர் என்று எனக்கே தெரியும்.

மாலை நான்கு மணிக்கு, பதினொரு பெரியவர்களில் மிஞ்சியது மிகக் கொஞ்சம். ஒருவருக்கு மனைவியின் பெயரும் ஒரு நோயும் மட்டும். ஒருவர் பழைய சந்தையின் கூரைக்குத் தன் காணியிலிருந்து பனைமரம் தறித்துக் கொடுத்திருந்தார். எத்தனை மரம், எந்தக் காணி என்று இருந்தது. இன்னொருவர் துறையடியிலிருந்து சந்தைக்கு ஆளும் சாமானும் ஏற்றி முதல் தட்டிவானை ஓட்டியிருந்தார், அது இரண்டு தடவை கடலுக்குள் இறங்கியிருந்தது. வேறு யாருடைய புத்தகத்திலும் வராத வரிகள் அவை. கடலுக்குள் வான் இறக்கியதை யாரும் பெருமைக்காகக் கண்டுபிடித்து எழுதமாட்டார்கள்.

நண்டுக்காரரின் தகப்பனுக்கு மூன்று வரி மிஞ்சியது. பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது:

"மீன் ஏலம் கூறுபவன் அனலைதீவு வள்ளம் வரும்வரை சந்தையை மறித்து வைத்த அகந்தையை எதிர்த்து, அன்னார் இருபது வருடம் தனித்து நின்றார். அவரது மரக்கறி வெயிலில் வாடியது. எனினும் அவர் அந்த ஏலக்காரனுடன் கடைசிவரை பேசவில்லை."

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி வாசித்தேன். முதல் தடவை அந்தப் புத்தகத்தில் "சந்தையின் தந்தை" என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன். கொண்டுவந்த மகனும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். சொந்தத் தகப்பனின் கல்வெட்டை அவர் முழுதாக வாசித்ததே இல்லை.

ஆனாலும் எனக்குத் திருப்தி வரவில்லை. பத்துப் பொய் உள்ள புத்தகத்தில் பதினோராவது வசனம் மட்டும் ஏன் மெய்யாக இருக்கவேண்டும்? அதையும் சேர்த்து அந்தக் கல்வெட்டுகளில் ஒன்பதை எழுதியவர் ஒரே ஆள். ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், துறையடிக்குக் கிட்ட இருக்கிறார். சனிக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மனைவி அயலில் போயிருந்ததால் அவரே குசினியில் நின்று தேத்தண்ணி ஊற்றினார்.

"ஐயா, அந்தக் கிணத்தை உண்மையிலை ஆர் வெட்டினது?"

"எனக்கென்ன தெரியும்? வெள்ளைக்காரன் காலத்துக் கிணறு." கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார். "பிள்ளை, செத்த வீட்டுக்காரர் வந்து, நாளைக்கு அச்சுக்குக் குடுக்கவேணும் எண்டு நிப்பினம். அழுதுகொண்டு நிக்கிற சனத்திட்டை, உங்கடை அப்பா என்ன கிழிச்சவர் எண்டு கேக்க ஏலுமோ? வியாபாரி எண்டால் ஒரு மாதிரி. வாத்தியார் எண்டால் ஒரு மாதிரி. கமக்காரன் எண்டால் வேறை. வியாபாரிக்குக் கிணறு உண்டு."

"இந்த மூண்டு வரி?" பிரதியை நீட்டினேன்.

கண்ணாடியை மேலே தள்ளி வாசித்தார். "ஓ, உதோ! உது நான் எழுதினதில்லை. முதலாளியின்ரை மனிசி சொன்னது. உதைப் போடாதேங்கோ அம்மா, சபையிலை நல்லா இராது எண்டு சொல்லிப் பாத்தனான். 'அவர் செத்ததே அந்த எரிச்சலிலைதான், கட்டாயம் போடவேணும்' எண்டு ஒற்றைக்காலிலை நிண்டவ. ஒரு சொல்லையும் மாத்த விடேல்லை."

"அப்ப அந்த ஏலம் கூறினவர் உண்மையிலேயே சந்தையை மறிச்சவரோ?"

"மறிச்சவன்தான். ஆனால் பெரிய தியாகி எண்டு எழுதிப்போடாதையும்." குவளையை என் பக்கம் தள்ளினார். "அவன் பொம்பிளை எடுத்தது அனலைதீவிலை. நாலு மச்சான்மார். நாலு பேரும் அந்த வள்ளத்திலைதான் வாறவங்கள். மச்சான்மாற்றை மீன் நல்ல விலைக்குப் போகவேணும் எண்டுதான் ஊர் முழுக்க வெயிலிலை நிண்டது."

அன்று என் கொப்பியில் முதல்முறையாக ஒரு பதிவின் மூன்று நிரலும் ஒழுங்காக நிரம்பின. மூன்றாவதில் இந்தமுறை சொன்னவருக்குப் பதில் செய்தவரின் லாபத்தை எழுதினேன்: அக்காவின் தகப்பனுக்கும் அதனால் ஏதோ கிடைத்திருக்கிறது. அது தெரிந்த பிறகுதான் எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை வந்தது. திங்கட்கிழமை அக்காவிடம் போய் நேரடியாகவே கேட்டேன்.

"ஓம், மாமாமார்தான். பின்னை?" என்றார் அக்கா, கத்தியை நிறுத்தாமல். கட்டட வேலை முடியும்வரை தற்காலிகக் கொட்டிலில் இருந்தார். "மச்சான்மாருக்குச் செய்யாமல் ஆருக்குச் செய்யிறது? அவங்களுக்கெண்டு நிண்டாலும் மற்ற வள்ளங்களும் அதோடைதானே வந்தது. உமக்கு என்ன, அவர் நித்திரையிலை கனவு கண்டு செய்திருக்கவேணுமோ?"

கூட்டம் வெள்ளிக்கிழமை. செயலாளர், உறுப்பினர்கள், உரிமை கோரியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். என் அறிக்கை ஒன்றரைப் பக்கம். அதில் மூன்று பெயர்கள். பனைமரம் கொடுத்தவர், தட்டிவான் ஓட்டியவர், ஏலம் கூறியவர். கூரை, போக்குவரத்து, நேரம் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதியிருந்தேன். கிணறு பற்றி ஒன்றும் எழுதவில்லை.

நண்டுக்காரர் எழுந்தார். "எங்கடை அப்பாவின்ரை பேரை வெட்டிப்போட்டு, கள்ளக் கல்வெட்டு அடிச்சவவின்ரை தேப்பனைப் போட்டிருக்கிறியள். அந்தப் புத்தகத்தை இஞ்சை வையுங்கோ பாப்பம்!"

அக்கா பின்வரிசையில் தலை குனிந்துகொண்டார்.

"அப்படி ஒரு புத்தகம் கொண்டுவந்தவ. நான் அதை ஏற்கேல்லை," என்றேன். மறைக்க விரும்பவில்லை. "நான் ஏற்றது உங்கடை அப்பாவின்ரை கல்வெட்டை, அண்ணை. ஏழாம் பக்கம்."

செயலாளர் அந்த மூன்று வரியையும் சத்தமாக வாசித்தார். "மரக்கறி வெயிலில் வாடியது" என்ற இடத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். நண்டுக்காரர் புத்தகத்தை வாங்கித் தானே பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார், முன்னட்டையில் தகப்பனின் படத்தைப் பார்த்தார், மறுபடி ஏழாம் பக்கத்துக்கு வந்தார்.

"இது பிழையாய் அடிச்சிருக்கிறாங்கள்," என்றார்.

"உங்கடை அம்மா சொல்லி எழுதினது எண்டு எழுதினவர் கையொப்பம் வைச்சுத் தந்திருக்கிறார்."

அம்மா என்றதும் அவர் உட்கார்ந்துவிட்டார். பொய் என்று சொன்னால் தாயைச் சொல்லவேண்டும், மெய் என்று சொன்னால் மேசை போய்விடும். அந்த ஒரு நிமிடம் அவருக்காக எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. தகப்பன் இருபது வருடம் வெயிலில் நின்றதும் உண்மைதானே. ஆனால் எதிர்த்தவர் என்று கல்லில் போட அந்தத் தீர்மானத்தில் இடம் இருக்கவில்லை.

கடை பனைமரக்காரரின் குடும்பத்துக்குப் போயிற்று. மேசை அக்காவுக்கு. தட்டிவான்காரரின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து, கடை வேண்டாம், கல்லை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கோ என்றார்கள். கல் இன்னும் வரவில்லை. அதற்கு வைத்த இடத்தில் இப்போதைக்குச் சைக்கிள்கள் நிற்கின்றன.

சந்தை திறந்து இரண்டாவது கிழமை மீன் வாங்கப் போனேன். அனலைதீவு வள்ளம் அப்போதுதான் துறையில் தட்டியிருந்தது. ஏலம் தொடங்கி, முடிந்து, நான் ஒட்டி மீன் கொஞ்சம் வாங்கிக்கொண்டு அக்காவின் மேசைக்குப் போனேன். அக்கா குழாயைத் திறந்து மேசையைக் கழுவி, செதிளை உரித்து, குடலை எடுத்து, முள்ளை வெட்டி, மீனைப் பையில் போட்டுத் தந்தார். எவ்வளவு என்று கேட்டேன். முன்னால் நின்ற பெண்ணிடம் வாங்கிய அதே கூலியைச் சொன்னார். நான் ஏதோ சிரித்திருக்கவேண்டும்.

"என்ன சிரிக்கிறீர்? சும்மா வெட்டித் தந்தால் நீர் போய் யோசிப்பீர், இவ ஏன் சும்மா வெட்டித் தந்தவ எண்டு. கண்டறியாத கொப்பியிலை வேறை எழுதுவீர். காசை வைச்சிட்டுப் போம் பிள்ளை, பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

காசை வைத்தேன். பின்னால் உண்மையிலேயே ஆட்கள் நின்றார்கள்.